என் அப்பா பெயர் பாவாடை

விழுப்புரம், கடலூர் பக்கம் ஊருக்கு ஊர் பாவாடை என்று ஒருவர் இருப்பார். மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் காவல் நிற்கும் பாவாடைராயனை வேண்டிக்கொண்டு வைக்கும் பெயர் அது. என் அப்பாவுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. மலையனூருக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்தவர் அவர். எங்கள் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை.

படித்து முடிக்கும்வரை 'பா.' என்ற இனிஷியல் எனக்குப் போதுமாக இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட மண் இது. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தான் எழுதுகிறோம். வெறுமனே விட்டாலும் சிக்கல். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது.

வேலைக்குச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். வீடியோ மீட்டிங்கில் என் முகத்துக்குக் கீழே 'பாவாடை' என்று வரும். ஜெர்மனிக்காரர்கள் "மிஸ் பாவாடை" என்று கூப்பிட்டு வேலையைப் பேசுகிறார்கள். சிரிப்பெல்லாம் சென்னைக்காரர்களிடம்தான். "பாவாடை வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்பார் ஒருவர். அடுத்தவர் அதற்கு மேல் ஒன்று சொல்வார். அதை இங்கே எழுத முடியாது. மேனேஜர் காதில் விழாதவர்போல அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

இவர்கள் கேலி செய்வது வம்சப் பெயரை அல்ல, உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை. கரும்பு வெட்டி என்னைப் படிக்கவைத்தவரை. அம்மா இன்றுவரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

"கெஜட்ல மாத்திடும்மா" என்கிறார்கள். பிச்சை, குப்பன், மண்ணாங்கட்டி என்று அப்பா பெயர் உள்ள பலரும் கேட்டிருக்கும் யோசனைதான். சுந்தர் பிச்சை 2015இல் கூகுள் தலைமைக்கு வந்தபோது, அவருடைய அப்பா பெயரை உலகமே மரியாதையாகச் சொன்னது. அதே பெயருள்ள கூலிக்காரர் மகனுக்கும் அந்த மரியாதை வேண்டும். மாற வேண்டியது பெயர் இல்லை. மீட்டிங்கை நடத்துகிறவர் அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

நிறுத்தாவிட்டால் சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பெண்ணிடம் ஆபாசம் தொனிக்கப் பேசுவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல்தான். எங்கள் அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அப்பா பெயரை முழுதாகப் போட்டு.