பெயரும் இடமும்: கடற்கரையில் கிடைக்கும் உலோக, கல் பொருள்களை இனங்காணுதலும் தமிழ்த்துறைகளின் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கடற்கரையிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் தற்செயலாகவோ, மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோக உணர்கருவியின் துணையாலோ கிடைக்கும் நாணயம், மணி, உலோகத் துண்டு ஆகியவை பெரும்பாலும் எவ்விதப் பதிவுமின்றிக் கைமாறுகின்றன. இவற்றை இனங்காணுதல் என்பது இன்ன உலோகம், இன்ன கல் என்று சொல்லுவதோடு முடிவதன்று. கிடைத்த இடத்தையும், பொருளுக்குரிய சரியான பெயரையும் பதிவதே அதன் முதற்படி என்று இக்கட்டுரை கருதுகிறது. அப்பணிக்குக் காஞ்சிபுரத்தை நடுவாகக் கொண்ட ஒரு பதிவேட்டைத் தமிழ்த்துறைகள் தொடங்க வேண்டும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், பாலாற்று முகத்துவாரம், காரீயம், சூதுபவளம், ஒப்படர்த்தி, காண்பொருள் பதிவேடு.

முன்னுரை

பெரிய காஞ்சிபுரத்தில் உலோகத்தை ஐயுற்று நோக்கும் பழக்கம் தொழிலோடு கலந்தது. சரிகை இழையைப் பிரித்து உள்ளே இருப்பது சிவப்புப் பட்டு நூல்தானா என்று பார்ப்பதும், பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் அங்கு நாள்தோறும் நடப்பவை. அண்மைக்காலத்தில் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியும் சரிகைத் தர ஆய்வுக்குப் பயன்படுகிறது. பழங்கால நாணயங்களின் உலோகக் கலவையை அறிவதற்குத் தொல்லியலார் பயன்படுத்துவதும் இதே முறைதான். ஆயினும் இந்த அறிவும் கருவியும், பாலாறு கடலோடு கலக்கும் பகுதியில் கிடைக்கும் பழம்பொருள்களுக்குப் பயன்பட்டதில்லை என்றே கூறலாம். 2019ஆம் ஆண்டு செங்கல்பட்டு தனி மாவட்டமானபின், காஞ்சிபுரம் மாவட்டத்திற்குக் கடற்கரையே இல்லாமற் போயிற்று. பொருள் கிடைக்கும் இடம் ஒரு மாவட்டத்திலும், அதனை அறியும் திறன் மற்றொரு மாவட்டத்திலும் நிற்கின்றன.

காஞ்சியும் கடலும்

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டது. அதில் நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறையும் பேசப்படுகிறது. அத்துறையின் இருப்பிடம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், காஞ்சிக்குக் கடல்வழி இருந்தது என்பதில் வேறுபாடில்லை. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடற் பகுதியின் ஆம்போரா சாடித் துண்டுகளும், ரௌலட்டட் மட்கலங்களும், உறைகிணறுகளும் வெளிப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் காஞ்சிபுரத்தில் நடத்திய அகழாய்வுகளிலும் ரௌலட்டட் மட்கலங்கள் கிடைத்தன. இதே கரையில் பிற்காலத்தில் டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை அமைத்தனர். எனவே இக்கடற்கரையில் அலை ஒதுக்கும் ஒரு சிறு செப்புக்காசு பல்லவருடையதாக இருக்கலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கூட்டெழுத்து முத்திரை கொண்டதாக இருக்கலாம். நேற்றுத் தவறவிட்ட நாணயமாகவும் இருக்கலாம்.

தெற்கே தரங்கம்பாடியிலும் இதே நிலைதான். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் அங்குக் காலூன்றினர். 1845இல் அவ்வூரை ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்றனர். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் அங்கேயே காரீயக் காசுகளை அச்சடித்தனர். கடல் கரையை அரிக்குந்தோறும் அத்தகைய காசுகள் மணலில் தென்படுவதுண்டு. மீனவர் வாழும் கரையில் காரீயத்திற்கு எப்போதும் ஒரு பயன் உண்டு; வலைக்குக் கட்டும் குண்டாக அது உருகிவிட்டால், அக்காசு பேசக்கூடிய வரலாறும் அதனோடு உருகிவிடும்.

பெயரில் தொடங்கும் பிழை

இனங்காணுதலில் நேரும் முதற்பிழை சொல்லில் நேர்கிறது. பேச்சுவழக்கில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரு வேறு உலோகங்களைக் குறிக்கிறது. இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வலைக்குண்டு காரீயத்தால் ஆனது. முன்னதன் அடர்த்தி நீரைப்போல் 7.3 மடங்கு, பின்னதன் அடர்த்தி 11.3 மடங்கு. ‘ஈய நாணயம்’ என்று மட்டும் எழுதிவைத்த ஒரு குறிப்பு, பிற்கால ஆய்வாளருக்குப் பாதி செய்தியையே தருகிறது. அவ்வாறே ‘சூதுபவளம்’ என்பது செந்நிறப் படிகவகைக் கல். ‘பவளம்’ என்பது கடலுயிரியின் எச்சம். கடற்கரையில் கிடைத்த சிவப்பு மணியொன்றைப் ‘பவள மணி’ என்று பதிந்துவிட்டால், கொங்கு நாட்டுக் கொடுமணல் போன்ற கல்மணித் தொழிற்கூடங்களோடு அதற்கு இருந்திருக்கக்கூடிய தொடர்பு மறைந்துவிடுகிறது. பித்தளையும் வெண்கலமும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்படுவதும் இத்தகையதே.

தமிழிலக்கியம் இத்துறையில் வறியதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கடைவீதியைக் காட்டுமிடத்தில் மணிகளை அவற்றின் குணமும் குற்றமும் பிரித்து உரைக்கிறது. பொன்னை ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம் என நால்வகைப்படுத்துகிறது. திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் மனிதரை மதிப்பிடுவதற்கே கட்டளைக்கல்லை உவமையாக்குகிறது. இச்சொற்களை வகுப்பறையில் பொருள்கூறிக் கடந்துவிடுகிறோம். அவை ஒரு காலத்தில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களின் தொழிற்சொற்கள் என்பதை மாணவர் உணரும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது.

கருவியின் எல்லைகள்

உலோக உணர்கருவி மின்கடத்தும் பொருளின் இருப்பை அறிவிக்கும். அது இன்னதென்று கூறாது. மெல்லிய பொன்மோதிரமும் அலுமினியத் தாளும் ஒத்த ஒலியை எழுப்புவதுண்டு. உப்புநீர் தோய்ந்த மணலும், காந்தத் தன்மையுள்ள கருமணலும் கருவியை ஏமாற்றும். கல்மணிக்கும் கண்ணாடி மணிக்கும் அது முற்றிலும் செவிடு. ஆகவே கருவி தேடலுக்கு உதவுமேயன்றி இனங்காணுதலுக்கு உதவுவது குறைவு.

உரைகல்லும் இங்குப் பொருந்தாது. வணிகத்தில் நம்பத்தக்க அம்முறை, பழம்பொருளின் மேற்பரப்பைச் சுரண்டி அதன் எழுத்தையோ முத்திரையையோ அழிக்கக்கூடும். எக்ஸ் கதிர் ஒளிர்வு பொருளுக்குத் தீங்கு செய்யாது; எனினும் அது மேற்பரப்பையே படிக்கிறது. நெடுநாள் உப்பில் கிடந்த வெள்ளி நாணயத்தில் செம்பு கரைந்துபோய், மேற்பரப்பில் வெள்ளி மிகுந்து காட்டலாம். எளிய முறையாகிய ஒப்படர்த்தி அளவீட்டுக்கும் எல்லை உண்டு. காற்றில் 3.60 கிராம் எடையுள்ள காசு நீரில் 3.28 கிராம் நின்றால், இழந்த எடை 0.32 கிராம், ஒப்படர்த்தி 11.25. அது காரீயத்தை ஒட்டியது. அதே காசு நீரில் 3.26 கிராம் நின்றால் விடை 10.59, அது வெள்ளியை ஒட்டியது. இரு முடிவுகளுக்கும் இடையே உள்ளது 0.02 கிராம் மட்டுமே. நகைக்கடைத் தராசின் சிறு தடுமாற்றமும், காசின்மேல் ஒட்டிய உப்புப் படிவும், ஒரு காற்றுக்குமிழியும் இம்முடிவை மாற்றிவிடும். எனவே ஒரே சோதனையால் தீர்ப்பளிப்பது ஆய்வு நெறியாகாது.

கற்களுக்கும் இது பொருந்தும். கண்ணாடி மணியை உருப்பெருக்கியில் நோக்கினால் காற்றுக்குமிழிகள் தெரியலாம். இழுத்துச் செய்த மணியில் துளையின் போக்கிலேயே நீண்ட கோடுகள் அமையும். கல்மணியின் துளை இருபுறமிருந்தும் குடையப்பட்டு நடுவில் சந்திக்கும் தடத்தைக் காட்டலாம். காந்தத்தால் ஈர்க்கப்படும் கனத்த கருங்கட்டியை விண்கல் என்று கொண்டாடுவோர் உண்டு. அதில் குமிழ்த்துளைகள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் அது உலைக்கசடே. ஆயினும் உலைக்கசடு என்பதால் எறியத்தக்கதன்று. கடற்கரையில் உலைக்கசடு குவிந்திருந்தால் அங்கு ஓர் உலை இருந்திருக்கலாம்.

இடத்தின் இன்றியமையாமை

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை மாமல்லபுரம் பகுதியில் மணலை அரித்துச் சென்றது. சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டு தந்த குறிப்பைப் பின்பற்றி அகழ்ந்தபோது புதையுண்ட முருகன் கோயில் வெளிவந்தது. பாறை நகரவில்லை, ஆதலால் வரலாறு தொடர்ந்தது. அரிக்கமேட்டில் ழூவோ துப்ரேய் சிறுவர்கள் பொறுக்கிய பொருள்களைக் கேட்டுப் பெற்றார். அவற்றோடு சேர்ந்து கவனிக்கப்பட்டதே அகஸ்டஸ் சீசரின் தலை செதுக்கப்பட்ட மணிக்கல். பொருள்கள் எந்த மேட்டிலிருந்து வந்தன என்பது தெரிந்திருந்தமையால் 1945இல் வீலரின் அகழாய்வுக்கு வழி பிறந்தது.

இதற்கு மாறான நிலை ஆற்றுப்படுகை நாணயங்களுடையது. கரூர் அமராவதி ஆற்றிலிருந்து வந்த மாக்கோதை, குட்டுவன் கோதை நாணயங்கள் சங்ககாலச் சேரர் வரலாற்றுக்கு வலுவான சான்றுகளாயின. இரா. கிருஷ்ணமூர்த்தி போன்ற நாணயவியல் அறிஞர்களின் உழைப்பு அவற்றைப் படித்தளித்தது. அங்கே பொருளைக் காப்பாற்றியது அதிலுள்ள எழுத்து. எழுத்தில்லாத, தேய்ந்த காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது எங்கே, எவற்றோடு கிடைத்தது என்பது மட்டுமே அதன் வாய்மொழி. அதனை இழந்த காசை எத்தனை நுண்கருவியில் வைத்தாலும் கிடைப்பது உலோகத்தின் விழுக்காடு மட்டுமே.

சட்டமும் அச்சமும்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர், அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. இடத்தையும் நாளையும் அன்றே கேட்ட அச்சட்டம் இவ்வகையில் ஆய்வு நெறிக்கு அணித்தானது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் உரிமமின்றி அகழ்வதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நூறாண்டுக்குக் குறையாத பழம்பொருள்களின் வணிகத்தையும் ஏற்றுமதியையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இவை தேவையானவையே. ஆயினும் அலை ஒதுக்கிய ஒரு காசைக் கண்டெடுத்த மீனவரோ மாணவரோ ஆட்சியர் அலுவலகத்தை அணுகத் தயங்குவர். அச்சமே மிஞ்சுமிடத்தில் பொருள் உருக்குபவரிடமோ தரகரிடமோ போய்ச் சேர்கிறது.

இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தைத் தொடர்ந்து 1997இல் ஒரு தன்விருப்பப் பதிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பொதுமக்கள் கண்டெடுத்த பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. அதன் சட்டச் சூழல் வேறு. அங்கு நில உரிமையாளரின் இசைவோடு கருவிகொண்டு தேடுதல் பொதுவழக்கு. எனவே அதனை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவது தகாது. கண்டெடுப்பவரைக் குற்றவாளியாகக் கருதாமல் செய்தி தருபவராகக் கருதும் மனநிலையே அங்கிருந்து கொள்ளத்தக்கது.

மறுப்புகளும் விடைகளும்

இத்தகைய பதிவேடு தேடல்வெறியைத் தூண்டும் என்ற மறுப்பு எழலாம். பதிவேடு அகழ்வதற்கு உரிமம் தருவதன்று. மேற்பரப்பில் கிடைத்ததைப் பதிவது மட்டுமே. சரியான இடத்தைப் பொதுவில் வெளியிடாமல் ஊர்ப்பெயரளவில் நிறுத்தி, நுண்ணிடத்தைத் தொல்லியல் துறைக்கு மட்டும் அளித்தால் கொள்ளையர்க்கு வழிகாட்டியதாகாது. இது தொல்லியலாரின் பணி, தமிழ்த்துறைக்கு இதில் இடமில்லை என்பது மற்றொரு மறுப்பு. முடிவு கூறும் உரிமை தொல்லியலாருக்கே உரியது. ஆனால் கண்டெடுத்தவரின் பேச்சுமொழியிலிருந்து பொருளின் பெயரையும், உள்ளூர் இடப்பெயரையும், சூழலையும் பிழையின்றி எழுத்தாக்குவது மொழிப்பணியே. தமிழ்நாட்டின் ஊர்தோறும் மாணவரைக் கொண்டிருப்பவை தமிழ்த்துறைகள். தொல்லியல் துறைகள் அத்தனை இல்லை.

முடிவுரை

இக்கட்டுரை முன்வைக்கும் செயல்கள் நான்கு. முதலாவதாக, காஞ்சிபுரத்தில் தமிழ்த்துறை, தொல்லியல் துறை, சரிகைத் தர ஆய்வு அறிந்தோர் ஆகியோர் இணைந்த காண்பொருள் பதிவேடு ஒன்று தொடங்கப்பட வேண்டும். அது பாலாற்று முகத்துவாரக் கரையையும் தன் எல்லையாகக் கொள்ள வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பதிவிலும் நாள், இடம், ஆழம், எடை, அளவுகோலுடன் கூடிய நிழற்படம், அருகில் கிடந்தவை ஆகியன இடம்பெற வேண்டும். உலோகத்தின் பெயர் அதற்குப் பின்னரே எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, காரீயம் எது, வெள்ளீயம் எது, சூதுபவளம் எது, பவளம் எது என்று வரையறுக்கும் சொற்கோவை ஒன்றை முதுகலை மாணவர்க்குப் பாடமாக்க வேண்டும்.

நான்காவது, உடனே தொடங்கத்தக்கது: கண்டெடுத்த பொருளைத் துலக்காதிருக்கும்படி மக்களிடம் சொல்லுதல். புளியும் எலுமிச்சையும் செப்புக்குடத்திற்கு ஏற்றவை. பழங்காசின் பச்சைப்படிவோடு அதன் எழுத்தையும் அவை அரித்துவிடும். கடலில் கிடந்த இரும்பைக் காயவிட்டால் வெடிக்கும். செம்பை ஈரத்தில் வைத்தால் வெளிர்பச்சைத் துகளாக உதிரும். காரீயத்தைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத் துண்டறிக்கையில் அடக்கிச் சதுரங்கப்பட்டினம் முதல் தரங்கம்பாடி வரையுள்ள கடற்கரைப் பள்ளிகளுக்கு ஒரு கல்வியாண்டுக்குள் கொண்டுசேர்த்தல் எந்தத் தமிழ்த்துறைக்கும் இயலாத செயலன்று.