பட்டிக்காடு வேப்பங்காயா?

மேடைதோறும் ஒரு புலம்பல் கேட்கிறோம்: "பட்டம் பெற்றதும் பட்டணம் தேடி ஓடுகின்றனர் மருத்துவ மாணவர், பட்டிக்காடு அவர்கட்கு வேப்பங்காய், தொண்டுள்ளம் தொலைந்தது!" உடனே உபதேசம் பொழிகின்றனர் பெரியவர்கள். உபதேசம் காய்ச்சலைத் தணிக்குமா? பாம்புக்கடிக்கு மருந்தாகுமா?

நோய்முதல் நாடச் சொன்ன வள்ளுவர் வழியில் நாமும் நாடுவோம். அந்த இளைஞர் உள்ளத்தில் எழும் வினாக்கள் யாவை? படிப்புக்கு வாங்கிய கடன் எப்போது தீரும்? மேற்படிப்புக்கு வழியுண்டா? நள்ளிரவில் பேறுகால வேதனையோடு ஒரு தாய் வந்தால், செவிலியர் உண்டா, மருந்து உண்டா, ஊர்தி உண்டா? இவை பேராசையா? அல்ல, நியாயம்!

இதனை உணர்ந்தவர் பனகல் அரசர். 1924-இல் அவரது நீதிக்கட்சி ஆட்சி, சிற்றூரில் தங்கித் தொழில் நடத்தும் மருத்துவர்க்கு மானியம் வழங்கியது. பின்னாளில் தமிழகம், அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்குப் பட்டமேற்படிப்பில் பாதி இடங்களை ஒதுக்கியது. ஆரம்பச் சுகாதார நிலையம் சிறைக்கூடமாகவில்லை, உயர்வுக்கு ஏணியாயிற்று. அந்த ஏணியை 2017-இல், இந்திய மருத்துவக் கழகத்தின் விதியைக் காட்டிப் பறித்தனர். மூன்றாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 31 அன்று, உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மாநிலங்கட்கு அவ்வுரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. ஏணியைப் பறித்தவர்களே, "ஏன் ஏறவில்லை?" என்று கேட்பது என்ன நீதி?

இன்னொன்றும் கேட்போம்: கல்லூரி வாயிலில் எவரை வரவேற்கிறோம்? சிற்றூர்க்கு மருத்துவர் வேண்டுமெனில், சிற்றூர்ப் பின்னணி கொண்ட மாணவரைச் சேருங்கள் என்பதே, உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளுள் முதலாவது. தமிழகமோ 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வையே ஒழித்தது. 2017-இல் நீட் நுழைந்தது; பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாத உழவன் மகள் வெளியே நின்றாள். அரசுப் பள்ளி மாணவர்க்கென 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியே ஒரு சிறு வழி திறக்க வேண்டியதாயிற்று.

சேற்றில் நடந்து பள்ளி வந்த பிள்ளையை வாயிலிலேயே தடுத்துவிட்டு, சேறு கண்டறியாதவரை நோக்கி, "சிற்றூர் செல்!" என்பது நடிப்பு. ஊரை அறிந்த பிள்ளைகட்கு இடம் கொடுங்கள். ஊருக்கு வரும் மருத்துவர்க்கு வீடும் விளக்கும் உயர்வும் கொடுங்கள். பிறகு பாருங்கள், தொண்டுள்ளம் இருக்கிறதா இல்லையா என்று!