தோல் பற்றி எழுதியதில் நான் கற்றுக்கொண்டவை



நான் தோல் நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனையில் ஓபி பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். ஆனாலும் இங்கே அதிகம் எழுதியது தோலைப் பற்றித்தான். தினமும் ஓபியில் அரிப்பு, படை என்று வருபவர்கள் அவ்வளவு பேர்.

எழுதியதில் நான் கற்றுக்கொண்டதை இன்று சொல்கிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான்.

1) "படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் போடாதீங்க" என்று ஒருமுறை எழுதினேன். அடையாளம் தெரியட்டுமே என்று டியூப் படத்தையும் போட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு அம்மா மகளோடு வந்தார். போனில் அதே படம். "டாக்டர் போட்ட மருந்துன்னு சொல்லி அனுப்பினாங்க சார். மெடிக்கல்ல காட்டி வாங்கினேன்."

கை மாறி வந்ததில் நான் எழுதியது போய்விட்டது. படம் மட்டும் மிச்சம். அந்தப் பெண் முகம் முழுக்கச் சிவந்து, தோல் மெலிந்திருந்தது.

அன்றோடு டியூப் படம் போடுவதை நிறுத்தினேன். இப்போது சொல்வது ஒன்றுதான்: டியூபில் உள்ள பொடி எழுத்தைப் படிங்க. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்குப் போடக்கூடாது.

2) மக்கள் விவரம் தெரியாமல் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. போட்ட இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, அதனால் போடுகிறார்கள்.

ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். பூஞ்சையைக் கொல்லாது. அது உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். இதை முதலில் சொன்ன பிறகுதான் என் பேச்சைக் கேட்டார்கள்.

3) "போடாதீங்க" மட்டும் போதாது. என்ன செய்யணும் என்றும் சொல்லணும்.

• டாக்டர் தரும் பூஞ்சை மருந்தை, படை தாண்டி கொஞ்சம் வெளியேயும் தடவுங்க
• படை மறைந்ததும் நிறுத்தாதீங்க, சொன்ன நாள் வரை போடுங்க
• ஆளுக்கொரு துண்டு. துணி நன்றாகக் காயணும்
• வீட்டில் வேறு யாருக்கு இருந்தாலும் சேர்ந்தே சிகிச்சை

4) எனக்கு வரும் கேள்விகளில் பாதி, நிறம் பற்றி. யாருமே கேட்காதது, உணர்ச்சி இல்லாத தேமல் பற்றி.

வெளுத்த அல்லது சிவந்த படை, அங்கே தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்கணும். அரிக்காது, வலிக்காது. அதனால்தான் தாமதமாக வருகிறார்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். 6 முதல் 12 மாதத்தில் குணமாகும். தாமதித்தால் நரம்பு போய்விடும். கேட்காவிட்டாலும் இதை எழுதிக்கொண்டே இருப்பேன்.

5) கடைசியாக. மக்களைத் திட்டி எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஓபிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். மெடிக்கலில் ஐந்து நிமிடத்தில் டியூப் கிடைக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தாமல், "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. சாயங்கால ஓபியும் வேணும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதுவரை என்ன போட்டிருந்தாலும் அந்த டியூபை ஓபிக்குக் கொண்டு வாங்க. மறைக்காதீங்க. மாதக்கணக்கில் போட்டிருந்தால், நிறுத்தியதும் கொஞ்சம் அதிகமாகும். பயந்து மறுபடி தடவாமல் எங்களிடம் வாங்க.

நான் திட்டமாட்டேன். நானும் ஒருமுறை தப்பான படம் போட்டவன்தானே.