அடைக்குப் படுத்த கோழியை வதைக்காதீர்கள்!

"நேத்து வரைக்கும் ஒழுங்கா முட்டை போட்டுக்கிட்டிருந்த கோழி, இப்போ கூடையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குது. கிட்டே போனா இறகைச் சிலிர்த்துக்கிட்டுக் கொத்த வருது. என்ன செய்யறது?" கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

உடனே பக்கத்து வீட்டுப் பாட்டி, "தண்ணியிலே ரெண்டு முக்கு முக்கு, அடை தெளிஞ்சிடும்" என்பார். சில ஊர்களில் மூக்குத் துவாரத்தில் இறகையே செருகி விடுவார்கள். பாவம், வாயில்லா ஜீவன்! அது பிடிவாதம் பிடிக்கவில்லை. உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் அதை உட்கார வைத்திருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? பகல் வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டை ஓட்டையும் ஊடுருவிக் கோழியின் மூளையை எட்டுகிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதனால் தூண்டப்பட்டு, சினைப்பையில் மஞ்சள் கருவை வளர்க்கும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகும். அதனால்தான் கோழி தினமும் கொஞ்சம் நேரம் தள்ளித் தள்ளி முட்டையிட்டு, பிறகு ஒரு நாள் ஓய்வு எடுக்கிறது.

கூடையில் முட்டைகள் சேர்ந்து மார்பில் படப்பட, அதே பிட்யூட்டரி 'புரோலாக்டின்' என்ற இன்னொரு ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. சினைப்பை சுருங்கி, முட்டை நின்று விடுகிறது. பசி குறைகிறது. முட்டையின் ஸ்பரிசம் இருக்கும் வரை இந்தச் சுரப்பும் நீடிக்கும்.

வெள்ளை லெகார்ன் கோழிகள் அநேகமாக அடைக்குப் படுப்பதே இல்லை. காரணம் ஊசியோ மருந்தோ அல்ல. அடை படுக்காத கோழிகளையே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதுதான்.

சரி, குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால்? கூடையையும் முட்டைகளையும் அகற்றி விடுங்கள். அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், நல்ல வெளிச்சத்தில் மூன்று நாலு நாள் விடுங்கள். தீனியும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். மார்பில் கதகதப்பு இல்லாது போனால் புரோலாக்டின் தானே குறையும். படுத்த ஓரிரு நாளிலேயே இதைச் செய்தால் சீக்கிரம் தெளியும். பிறகு மறுபடி முட்டையிட இரண்டு வாரம் போல ஆகலாம், பொறுமை வேண்டும். தினமும் முட்டையை எடுத்து விட்டால் அடைக்குப் படுப்பதும் தள்ளிப் போகும்.

குஞ்சு வேண்டுமானால் சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை 10 அல்லது 12 வையுங்கள். பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டை பொரிக்காது. அங்கே சேவல் கிடையாது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, ரத்த நாளம் தெரியாததை எடுத்து விடுங்கள். பக்கத்திலேயே தீனியும் தண்ணீரும் வைக்க மறக்காதீர்கள். 21-ஆம் நாள் குஞ்சுகள் வெளிவரும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1930-களில் அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்கர் ரிடில் குழுவினர் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்து பெயரிட்ட இதே புரோலாக்டின்தான் நம் உடம்பில் தாய்ப்பால் சுரக்க வைக்கிறது. கோழிக்கு முட்டையின் ஸ்பரிசம். நமக்குக் குழந்தை உறிஞ்சுவது. பால் கொடுக்கையில் மாதவிலக்கு தள்ளிப் போவதும் இதை ஒட்டியதே. அதற்காக, "பால் கொடுக்கிற வரைக்கும் கரு தங்காது" என்று அசட்டையாக இருந்து விடாதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் ஓரளவு நம்பலாம். இதில் ஒன்று மாறினாலும் டாக்டரம்மாவிடம் யோசனை கேட்டு விடுங்கள். கோழிக்கு ஹார்மோன் கணக்குப் பார்க்கும் நாம், நம் உடம்பின் கணக்கையும் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?