வாதமும் செவிப்புலனும்

முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கி வருந்தும் அன்னையார், அழைத்தாலும் திரும்பாதிருப்பின், ‘வயதின் குறை’ என்று நாம் வாளாவிருந்து விடுகிறோம். அஃது எப்போதும் சரியன்று.

நடுச்செவியில் சம்மட்டி, பட்டடை, அங்கவடி ஆகியவற்றின் வடிவை ஒத்த மூன்று சிற்றென்புகள் உள. அவற்றை இணைப்பனவும், விரல் மூட்டுகளைப் போன்று உட்புறம் மென்சவ்வு போர்த்த மூட்டுகளே. முடக்குவாதம் தாக்குவது அத்தகைய சவ்வையே. ஆதலின் ஒலி செல்லும் வழி தடைப்படலாம். எனினும் உட்செவியோ அதன் நரம்போ பழுதுறுவதே மிகுதி.

நோவைத் தணிக்க அதிக அளவில் உட்கொள்ளும் அஸ்பிரினும் காதில் இரைச்சலையும் மந்தத்தையும் உண்டாக்கக்கூடும். அளவு குறைந்தால் இது பெரும்பாலும் நீங்கும். ஆயினும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

வைத்தியரிடம் கைகளைக் காட்டும்போது காதின் குறையையும் மறவாது கூறுவோமாக.