இ-பாஸுக்கு முன்னால் காலாவதியாகும் சான்றிதழ்

வத்தலக்குண்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்திய ஒரு குடும்பம், கொடைக்கானல் இ-பாஸ் எடுக்க போனைத் திறக்கிறது. பாஸ் வரவில்லை, ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கைதான் வருகிறது. சர்வர் ஓடுகிறது, டேட்டாபேஸும் ஓடுகிறது. நள்ளிரவில் டிஎல்எஸ் சான்றிதழின் தேதி முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

காட்சி கற்பனைதான், ஆபத்து கற்பனை அல்ல. 2020 பிப்ரவரி 3-ம் தேதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், புதுப்பிக்காமல் விட்ட ஒரு சான்றிதழ். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே மறதி வருகிறது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. மலைக்கு இணையதளமே வாசல் என்றான பிறகு, அந்த வாசலின் பூட்டை யாரோ ஒருவரின் காலண்டர் ரிமைண்டரை நம்பி விடலாமா?

இனி நம்பவும் முடியாது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் வெறும் 47 நாள் என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025-ல் முடிவெடுத்தது. பத்து சான்றிதழ் வைத்திருப்பவர் வருஷத்துக்கு எண்பது தடவை புதுப்பிக்க வேண்டியிருக்கும். கையால் செய்கிற வேலையா இது?

பட்டாவைக் காட்டு

சேவைகளைக் கன்டெய்னர்களாகப் பிரித்து குபர்நெட்டீஸ் கிளஸ்டரில் ஓட்டுபவர்களுக்கு ‘செர்ட்-மேனேஜர்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்பிடம் சான்றிதழ் கேட்டு வாங்கி, கிளஸ்டருக்குள் வைத்து, ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் தானாகவே புதுப்பிக்கும். 90 நாள் சான்றிதழ் என்றால் 60-வது நாளில்.

சான்றிதழ் தருபவர், டொமைன் உங்களுடையதுதானா என்று சோதிப்பார். ஒரு வழி, உங்கள் சர்வரின் 80-ம் போர்ட்டைத் தட்டி ஒரு ஃபைலைக் கேட்பது. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் சர்வருக்கு இது உதவாது. எல்லா சப்டொமைனுக்கும் ஒரே ‘வைல்ட்கார்டு’ சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட்டில் இந்த வழியில் வாங்கவும் முடியாது. இன்னொரு வழி டிஎன்எஸ். அவர்கள் தரும் குறியீட்டை உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டாகப் போட்டுக் காட்ட வேண்டும். கதவைத் தட்டிப் பார்ப்பதற்குப் பதில், பட்டாவில் உங்களால் ஒரு வரி எழுத முடிகிறதா என்று பார்ப்பது மாதிரி.

சிக்கலும் அங்கேதான். பட்டாவில் எழுத முடிந்தவர் வீட்டையே விற்றுவிடலாம் இல்லையா? அந்த ரெக்கார்டை எழுதுவதற்காகக் கிளஸ்டருக்குள் வைக்கும் டிஎன்எஸ் டோக்கன், பெரும்பாலும் மொத்த டொமைனையும் மாற்றும் அதிகாரத்தோடு இருக்கிறது. அது திருடு போனால் இணையதளத்தை வேறு சர்வருக்குத் திருப்பலாம், மெயிலைக் கடத்தலாம். ‘ஆட்டோமேட் பண்ணியாச்சு’ என்று நிம்மதியாகிவிடும் டீம்கள் கவனிக்காத இடம் இது.

மருந்து பழையதுதான். சரிபார்ப்பு ரெக்கார்டை மட்டும் ஒரு சிஎன்ஏம் மூலம் தனியான சின்ன டொமைனுக்குத் திருப்பிவிட்டு, டோக்கனுக்கு அந்தச் சின்ன டொமைனில் மட்டும் அனுமதி தரலாம். ஒருநாள் வேலை. இதைச் செய்யாமல் தானியங்கிப் புதுப்பித்தலை வைப்பது, மறதி என்ற ஆபத்தைத் திருட்டு என்ற ஆபத்தாக மாற்றிக்கொள்வதுதான்.

இன்னொன்று: டோக்கனுக்கும் காலாவதி உண்டு. அது முடிந்தால் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கும். கிளஸ்டருக்குள் எல்லாம் பச்சையாகவே தெரியும். அதனால் சான்றிதழின் மிச்ச நாட்களை வெளியிலிருந்து பார்த்து, 20 நாளுக்குக் கீழே போனால் போனை அலற விடும் கண்காணிப்பு தனியாக வேண்டும்.

ஒத்திகைக்கு லெட்ஸ் என்க்ரிப்ட்டே தனிச் சோதனைத் தளம் வைத்திருக்கிறது. அங்கே எத்தனை தடவை தோற்றாலும் நிஜத் தளத்தின் வரம்பில் ஒட்டாது. அதைச் செய்ய வேண்டிய மாதம் பிப்ரவரி. ஏப்ரலில் வண்டிகள் மலையேறத் தொடங்கிவிடும்.