ஆச்சி எந்தக் காலேஜ்ல படிச்சாங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில்தான் தூங்கினீர்கள், இங்கேயாவது கடைசிவரை விழித்திருங்கள்.

போன வாரம் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். யாரென்று தேட வேண்டாம். அவன் கேட்டதை நம் குப்பங்களில் பலரும் கேட்கிறார்கள். அவன் மகள் ஒன்பதாம் வகுப்பு. செல்போனில் மனோரமா ஆச்சியின் வசனத்துக்கு வாயசைத்து நடித்துப் போடுகிறாள். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன், கெட்டிக்காரப் பெண். "சினிமாவுல சான்ஸ் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார் சார். ஏரியிலயும் பாடு சரியில்ல. இந்த வருஷத்தோட ஸ்கூலை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றான். படிப்பு என்று நான் இழுத்ததும், "ஆச்சி எந்தக் காலேஜ்ல சார் படிச்சாங்க?" என்று மடக்கிவிட்டான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நிதானமாக இங்கே பதில் சொல்கிறேன்.

ஆச்சி எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை, உண்மைதான். ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும்.

1937-இல் மன்னார்குடியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு தாயையும் மகளையும் கைவிட்டார். கைக்குழந்தையோடு அந்தத் தாய் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்தும் பலகாரம் விற்றும் மகளை வளர்த்தார். தாயின் உடம்பு கெட்டதும் மகளின் படிப்பு நின்றது. அப்போது அவருக்குப் பதினோரு வயதுவாக்கில் இருக்கும். அந்த வயதில் அவரும் வீட்டு வேலைக்குப் போனார். நடிக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் பள்ளியை விடவில்லை. வயிற்றுக்காக விட்டார். தம்பி, உன் மகளுக்கு அந்த நிலைமை இல்லை. தகப்பன் நீ கூட இருக்கிறாய்.

ஊருக்கு வந்த நாடகம் ஒன்றில் ஆள் குறைந்தபோது சிறு வேடத்தில் ஏறினார். அப்படித் தொடங்கியது நாடக வாழ்க்கை. மனோரமா என்ற பெயரும் அங்கே வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரன் நாடகங்களில் நடித்தார், 'மணிமகுடம்' நல்ல பேர் வாங்கித் தந்தது. 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் ஜில் ஜில் ரமாமணி. அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் பார்த்ததுதான். ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸ் புத்தகத்தில் இடம். 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ.

முதல் நாடகத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவே இருந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். அதுதான் அவருடைய காலேஜ். பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம். ழகரம் பிசகினால் திட்டு. மைக் போதாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். சரியாக வராவிட்டால் மறுபடி, மறுபடி. நாடக உலகத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவருக்கு என்ன பெயர் தெரியுமா? வாத்தியார்! மெட்ராஸ் பாஷை, தஞ்சாவூர்ப் பேச்சு, கொங்குப் பேச்சு என்று எதைக் கொடுத்தாலும் அந்த ஊர்க்காரியாகவே ஆச்சி பேசினார் என்றால், அப்படிப் பழக்கப்பட்ட காதும் நாக்கும்தான் காரணம். அவர் படிக்காதவர் அல்ல, வேறு பள்ளியில் படித்தவர்.

அந்தப் பள்ளி இன்று நம் பிள்ளைகளுக்கு இல்லை. செல்போன் கைதட்டும், தப்பைத் திருத்தாது. உள்ள பள்ளியையும் விட்டுவிட்டால் அந்தப் பெண் எங்கே போய்க் கற்றுக்கொள்வாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆச்சியின் திருமண வாழ்க்கை இரண்டே ஆண்டுகளில் முறிந்தது. தன் தாயைப் போலவே அவரும் கைக்குழந்தையோடு தனியாக நின்றார். ஆனால் தாய்க்கு இல்லாத ஒன்று மகளிடம் இருந்தது. கையில் தொழில் இருந்தது, அதில் பேரும் இருந்தது. அதனால்தான் அவர் விழவில்லை. பெண் பிள்ளைக்கு நாம் தேடிக் கொடுக்க வேண்டியது அந்தத் தைரியத்தைத்தான். நூற்றில் ஒருத்திக்கு அது மேடையில் கிடைக்கலாம். மற்றவர்களுக்குப் படிப்பில்தான்.

இதை உபதேசமாக மட்டும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். என் நடை, இருமல், கண்ணாடியைத் துடைக்கும் விதம் எல்லாவற்றையும் அப்படியே செய்துகாட்டுவாள். திடீரென்று வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அம்மா இறால் பிடிக்கப் போவதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். சரி என்று திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை நான் போகவில்லை. அவள் இப்போது மார்க்கெட்டில் மீன் விற்கிறாள், என்னைப் பார்த்தால் நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறாள், காசு வாங்க மறுக்கிறாள். அந்த மீன் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

ஆகவே தம்பி, மகள் நடிக்கட்டும். ஆண்டு விழாவில், கோயில் திருவிழாவில், மாதா திருநாளில் மேடை ஏற்றிவிடு. நான் முதல் வரிசையில் உட்காருகிறேன். ஆனால் பிளஸ் டூ முடியும்வரை பள்ளியை விட்டு எடுக்காதே. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பொன்னேரியிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. சினிமாதான் வேண்டும் என்றாலும் தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அங்கே சேரவும் பிளஸ் டூ கேட்கிறார்கள். சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்: "மூணு வருஷம் கழிச்சு வாங்க." உண்மையான ஆள் என்றால் வருவார்.

முகத்துவாரம் தூர்ந்தால் ஏரிக்கு என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையின் பள்ளிக்கூட வாசலும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். நீ சரி என்று சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறும் வருவேன். இந்த முறை ஒரு தடவையோடு திரும்பப் போவதில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்